கேஜில் 12 காட்டினால் காஸ் இல்லை என்று அர்த்தமா?

கேள்வி: வெள்ளவத்தையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பால், யோகட், மரக்கறி வைக்கும் கூல் ரூமை 4 பாகையில் செட் பண்ணியிருக்கிறோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குளிர் குறைகிறது. மெக்கானிக் வந்து கேஜை (அழுத்தம் அளக்கும் மீட்டரை) மாட்டி, "12தான் காட்டுது, காஸ் இல்லை" என்று காஸ் அடித்துவிட்டுப் போகிறார். பக்கத்துக் கடை மெஷினில் 50 காட்டுகிறது. எங்கள் மெஷினில் இருப்பது ஆர்-134ஏ காஸ். என்ன கோளாறு?

பதில்: பக்கத்துக் கடையை விடுங்கள். அங்கே இருப்பது அநேகமாக ஆர்-22. கொயில் (அறைக்குள் குளிரைத் தரும் குழாய்ச் சுருள்) மைனஸ் 3, 4 பாகையில் இருக்கும்போது ஆர்-22 ஏறக்குறைய 50 பி.எஸ்.ஐ. (கேஜ் காட்டும் அழுத்த அலகு) காட்டும், ஆர்-134ஏ 22தான் காட்டும், ஆர்-404ஏ 60ஐத் தாண்டும். காஸின் பெயர் தெரியாமல் கேஜ் எண்ணை ஒப்பிட்டுப் பயனில்லை.

திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும் இடத்தில் அழுத்தம் காட்டுவது வெப்பநிலையைத்தான், காஸின் அளவை அல்ல. சந்தேகமென்றால் மெக்கானிக் கொண்டுவரும் ஆர்-134ஏ சிலிண்டரிலேயே கேஜை மாட்டச் சொல்லுங்கள். சிலிண்டர் 30 பாகைச் சூட்டில் இருந்தால், அது நிறைந்திருந்தாலும் அடியில் கொஞ்சம் திரவமே மிஞ்சியிருந்தாலும் முள் 97 பக்கம்தான் நிற்கும்.

அப்போ உங்கள் 12? ஆர்-134ஏக்கான அழுத்தம்-வெப்பநிலை அட்டவணைப்படி அது மைனஸ் 12 பாகை. 4 பாகை அறைக்குக் கொயில் அதைவிட ஏழெட்டுப் பாகை குறைவாக இருந்தால் போதும். உங்களுடையது அளவுக்கு மீறிக் குளிர்ந்து கிடக்கிறது. ஒன்று, கொயிலுக்குப் போதிய திரவம் வரவில்லை. இல்லையென்றால், அதன் மேல் போதிய காற்று ஓடவில்லை.

எது என்று கண்டுபிடிக்கக் கொயிலிலிருந்து வெளியே வரும் குழாயில் தெர்மோமீட்டரைக் கட்டிப் பார்க்க வேண்டும். குழாய் மைனஸ் 12ஐவிட 15, 20 பாகை சூடாக இருந்தால் திரவம் பற்றவில்லை: லீக், அடைத்த ஃபில்டர் டிரையர் (குழாயில் ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் வடிகட்டி), கொயிலுக்குள் திரவத்தை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு, மூன்றில் ஒன்று. நாலிலிருந்து ஏழு பாகை என்பது வழமையான இடைவெளி. இரண்டு பாகைக்குள் இருந்தால் காஸ் போதும். ஃபேன் நின்றிருக்கும், அல்லது கொயில் ஐஸ் பிடித்திருக்கும்.

என் ஊகம் ஐஸ்தான். கொழும்பின் ஈரக் காற்று, அடிக்கடி திறக்கும் கதவு, கிழிந்த கதவு ரப்பர் எல்லாம் சேர்ந்தால் கொயில் மூடிப்போக அதிக நாள் ஆகாது. காஸ் அடிக்க மெஷினை நிறுத்தி வைக்கும் நேரத்தில் ஐஸ் கரைந்துவிடும், பிறகு நன்றாக ஓடும். பெயர் மட்டும் காஸுக்குப் போய்ச் சேரும்!

அதோடு ஒவ்வொரு முறையும் கூடுதலாகப் போன காஸ் மறுபக்கத்தில், அதாவது வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சர் பக்கத்தில், அழுத்தத்தை ஏற்றும். வெளியே 32 பாகை வெயிலில் ஆர்-134ஏ 140 முதல் 160 வரை காட்டுவது சரி. 200ஐத் தாண்டினால் காஸ் அதிகமாக இருக்கலாம், கண்டென்சர் அழுக்காகவும் இருக்கலாம். கடற்கரைக்கு அவ்வளவு கிட்ட உப்புக் காற்று அலுமினியத் தகடுகளை அரித்துவிடுவதால், அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். கரண்ட் பில் கூடுவதும் கொம்பிரசர் சுடுவதும் இங்கிருந்துதான்.

மூடிய குழாய்க்குள் ஓடும் காஸ் செலவழிந்து போவதில்லை. உண்மையிலேயே குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. அடுத்த முறை சிலிண்டரைத் திறக்க முன் கொயிலின் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஐஸ் இல்லையென்றால் லீக் டெஸ்ட். ஓட்டை தெரிந்த பிறகு, பழைய காஸை மீட்டெடுத்து, ஓட்டையை அடைத்து, வெக்யூம் பண்ணி, மெஷின் தகட்டில் போட்டிருக்கும் நிறைப்படி தராசில் வைத்து நிரப்பச் சொல்லுங்கள்.