நின்ற இடத்தில் நடுங்கும் டர்போ கார்: இன்ஜெக்டர் வாங்கலாமா?

கேள்வி: பழைய சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் ஒன்று வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், "புஸ்" என்று காற்றை வெளியே விடும் ப்ளோ ஓஃப் வால்வ், பெரிய சைலன்சர் எல்லாம் பூட்டியிருக்கிறார். ஹபரணை வீதியில் ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. பஸ் நிலையத்துக்கு முன்னால் நெரிசலில் நின்றால் ஆர்பிஎம் முள் 500க்கும் 1100க்கும் இடையில் ஏறி இறங்குகிறது. பிரேக் போட்டு நிற்கும்போது சில வேளை ஓஃப் ஆகியும் விடுகிறது. பெற்றோல் தெளிக்கும் நாலு இன்ஜெக்டரையும் மாற்றி, என்ஜினின் கணினியான ஈசியூவை ரீமேப் செய்ய (அதன் கணக்கைப் புதிதாக எழுத) வேண்டும், ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும் என்கிறார்கள் கராஜில். செய்யலாமா? (வாசகர், உவர்மலை)

பதில்: இப்போது செய்யாதீர்கள். எந்த இன்ஜெக்டர் பழுது, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால் அவர்கள் ஊகத்தை உங்களுக்கு விற்கிறார்கள்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் என் சந்தேகம் முதலில் போவது அந்த ப்ளோ ஓஃப் வால்வ் மேல்தான். இந்தக் காரில் உள்ளே போகும் காற்றை ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஏர் ஃப்ளோ சென்சர் அளக்கிறது. அந்தக் கணக்குக்கு ஏற்றபடி ஈசியூ பெற்றோல் விடுகிறது. கம்பனி பூட்டிய வால்வ், அக்ஸிலரேட்டரை விட்டதும் மிஞ்சும் காற்றைத் திரும்பக் குழாய்க்குள்ளேயே விடும், கணக்குக் குழம்பாது. வெளியே விடும் வால்வில் அளந்த காற்று வீணாகப் போய்விடும், அதற்கான பெற்றோல் மட்டும் என்ஜினுக்குள் வந்து சேரும். நீங்கள் பிரேக் போட்டு நிற்கும் அதே நேரத்தில் என்ஜின் மூச்சுத் திணறி ஓஃப் ஆவது அதனால்தான்.

இன்னொன்றும் நடக்கும். ஐடிலில், அதாவது அக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது, மெனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் குழாயில்) வெற்றிட இழுவை இருக்கும். வால்வின் ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் அந்த இழுவையில் வால்வ் கொஞ்சம் திறந்தே நிற்கும். அளக்காத காற்று உள்ளே வந்து கலவை மெலிந்து, முள் ஏறி இறங்கும். ஃபில்டரைத் தாண்டாத தூசியும் அந்த வழியாகவே என்ஜினுக்குப் போகும். எனக்கு இதுதான் பெரிய கவலை. ஆகவே கம்பனி வால்வைத் தேடிப் பூட்டுங்கள், அல்லது காற்றைத் திருப்பி விடும் வகை ஒன்றை வாங்குங்கள். பழையதாக வாங்கினால், வாயால் ஊதி காற்றுக் கசியாமல் பிடிக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தச் சத்தம் இல்லாமல் போவது வருத்தமாக இருக்கலாம், ஆனால் கார் நின்ற இடத்தில் நிற்கும்.

அதோடு தீரவில்லை என்றால் காற்றுக் கசிவு. இந்த வயதுக் கார்களில் வெற்றிட ஹோஸ்கள் வெடித்திருக்கும், டர்போக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் றப்பர் குழாய்களில் கிளிப் தளர்ந்திருக்கும். புகை விட்டுக் கசிவு பார்க்கும் மெஷின் உள்ள கராஜ் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் டர்போவின் வாயை அடைத்து, 5 முதல் 10 பிஎஸ்ஐ காற்று மட்டும் கொடுத்து, சவர்க்காரத் தண்ணீர் தெளித்தாலும் குமிழி காட்டிக்கொடுக்கும். சூடான என்ஜின் மேல் பெற்றோலோ கார்ப் கிளீனரோ அடித்துத் தேட யாரையும் விடாதீர்கள். டர்போ பக்கம் தீப்பிடிக்கும்.

அப்புறம் கூம்பு ஃபில்டர். எண்ணெய் பூசிய வகை என்றால் அந்த எண்ணெய் சென்சர் கம்பியில் படிந்து தவறான அளவைச் சொல்ல வைக்கும். அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள், துணியால் தொடாதீர்கள். ஐடில் வால்வில் கரி படிந்திருந்தால் அதையும் சுத்தம் செய்யலாம். உங்கள் வீடு கடலுக்குப் பக்கம் என்பதால் சென்சர் பிளக்குகளையும் பற்றரி ஏர்த்தையும் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சைப் பூத்திருந்தால் பாதி நோய் அங்கேயே இருக்கலாம்.

ஸ்பார்க் பிளக் இடைவெளி டர்போ என்ஜினுக்கு ஏறக்குறைய 0.7 மில்லிமீற்றர் போதும். இந்தக் காரில் பிளக் கழற்றுவது சிரமமான வேலை, கூலி கூடக் கேட்பது நியாயம்தான். கழற்றும் அன்றே நாலு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் (உள்ளே காற்று அழுந்தும் அளவையும்) அளந்து எழுதி வாங்குங்கள். ஒன்று மட்டும் மிகவும் குறைவாக இருந்தால் புது இன்ஜெக்டரால் எதுவும் மாறாது, அந்தப் பணத்தை என்ஜின் வேலைக்குத்தான் வைத்திருக்க வேண்டும்.

ஸ்கேனரில் ஃபியூல் ட்ரிம் பார்க்கச் சொல்லுங்கள், ஈசியூ பெற்றோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்று அது காட்டும். ஐடிலில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டியும், 2500 ஆர்பிஎம்மில் குறைந்தும் காட்டினால் அது காற்றுக் கசிவின் அடையாளம். முன்பு வைத்திருந்தவர் பெரிய இன்ஜெக்டர் பூட்டி ஈசியூவை அப்படியே விட்டிருந்தால் மட்டுமே ரீமேப் தேவை. இன்ஜெக்டரின் நிறத்தையும் இலக்கத்தையும் பார்த்தாலே அது தெரிந்துவிடும். ரீமேப் செய்யும் நிலை வந்தால் பழைய ஃபைலின் பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முள் அசையாமல் நின்று, சத்தம் மட்டும் கடகடவென்று கேட்டால் பயப்படாதீர்கள். பழைய சுபாருவில் எக்ஸோஸ்ட் குழாய்கள் சம நீளம் இல்லாததால் வரும் இயல்பான சத்தம் அது.

வேலை கொடுக்கும்போது கண்டுபிடித்த பழுது, மாற்றும் பாகம், தீராவிட்டால் என்ன செய்வார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தொலைபேசி 1977. வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் ஐடிலிலும் அளப்பார்கள், அதனால் அதற்கு முன்பே இதைச் சரிசெய்துவிடுங்கள்.

கேள்வி: டர்போ காருக்கு 92க்குப் பதில் 95 ஒக்டேன் அடித்தால் ஐடில் சீராகுமா? (வாசகர், நிலாவெளி)

பதில்: ஆகாது. பூஸ்ட் (டர்போ அழுத்தித் தள்ளும் காற்று) ஏறும்போது பெற்றோல் தானாக வெடித்துத் தட்டாமல் காப்பதுதான் ஒக்டேனின் வேலை. ஐடிலில் அந்த அழுத்தமே இல்லை. டர்போ காருக்கு 95 எப்படியும் அடியுங்கள், அது என்ஜினின் ஆயுளுக்கு. ஒக்டேன் பூஸ்டர் போத்தலுக்குக் கொடுக்கும் காசில் இரண்டு வெற்றிட ஹோஸ் வாங்கலாம்.