பெரிய ஸ்டெப்னிக்காகக் கொக்கியை வெட்டலாமா?

கேள்வி: என் பிக்கப் வண்டியில் 265/70 ஆர்17 டயர்களுக்குப் பதிலாக 285/70 ஆர்17 டயர்களைப் பொருத்தியிருக்கிறேன். அதே அளவு ஸ்டெப்னியை வண்டியின் அடியில் ஏற்றினால், டிரெய்லர் கொக்கியின் குறுக்குக் குழாயில் இடிக்கிறது. குழாயைக் கொஞ்சம் வெட்டி, தகடு வைத்து வெல்டிங் செய்து தருவதாக மெக்கானிக் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து அந்தக் குழாயில் கை வைக்காதீர்கள். டிரெய்லரின் முன்முனை கொக்கியின் மீது அழுத்தும் எடை, பொதுவாக டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்கும். 1,500 கிலோ டிரெய்லர் என்றால் 150 முதல் 225 கிலோ. டிரெய்லரைப் பூட்டும் கொக்கியின் பந்து குழாய்க்குப் பின்னால் தள்ளி இருப்பதால், இந்த எடை குழாயை முறுக்கவும் செய்கிறது. முழுதாக மூடிய குழாய் முறுக்கலை நன்றாகத் தாங்கும். வெட்டிய குழாயில் தகடு வைத்து மூடினாலும் அந்த இடம் ஒடுங்கிவிடுவதோடு, வெல்டிங்கின் ஓரத்தில்தான் நாளடைவில் விரிசல் தொடங்கும். தயாரிப்பாளர் குறித்த இழுவைத் திறனை அதன்பின் நம்ப முடியாது.

உண்மையில் உங்களுக்குத் தேவைப்படும் இடம் மிகக் குறைவு. பழைய டயரின் விட்டம் ஏறத்தாழ 803 மி.மீ., புதியது 831 மி.மீ.; ஸ்டெப்னி நடுவில் தொங்குவதால், பின்பக்கம் கூடுவது 14 மி.மீ. மட்டுமே. குழாயின் மீதும் அதையொட்டிய தகடுகளின் மீதும் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு டயரை மெதுவாக ஏற்றி இறக்குங்கள்; சாக்பீஸ் தூள் டயரில் ஒட்டிய இடமே இடிக்கும் இடம். பல வண்டிகளில் அது குழாயாக இராமல், விளக்கு ஒயரின் சாக்கெட்டைத் தாங்கும் சிறு தகடாக இருக்கும், அதை நகர்த்திவிடலாம். பாதுகாப்புச் சங்கிலி மாட்டும் தகட்டை மட்டும் தொடக் கூடாது.

குழாயேதான் இடிக்கிறது என்றால், ஸ்டெப்னியைத் தூக்கும் வின்ச்சை அதன் பிராக்கெட்டோடு முன்னால் நகர்த்துவதே நல்ல வழி, முன்பக்கம் சைலன்சரின் சூடு டயரைத் தாக்காத அளவுக்கு இடைவெளி இருக்குமானால். டயரின் காற்றைக் குறைத்து ஏற்றுபவர்களும் உண்டு. அதற்கு வண்டியில் பம்பு இருக்க வேண்டும், டயர் குழாயில் உரசவும் கூடாது. ஸ்டெப்னியை வண்டியின் பின்னால் மாட்டிவைக்க, கதவுபோல் திறந்து மூடும் தாங்கியை வாங்குவதானால், கொக்கியின் வாயில் செருகும் வகையைத் தவிருங்கள். அதை மாட்டிவிட்டால் டிரெய்லரைப் பூட்ட இடமிராது.

பழைய அளவு ஸ்டெப்னியையே வைத்துக்கொள்வதும் அவசரத்துக்கு உதவும். ஆனால் அதன் விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் குறைவு என்பதால், பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் அதை முன்பக்கம் மாட்டி, நான்கு சக்கர இழுவையைப் போடாமல், அருகிலுள்ள டயர் கடை வரை மெதுவாக ஓட்டுங்கள். எந்த வழியில் பொருத்தினாலும், ஏற்றி முடித்ததும் ஸ்டெப்னியைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள்; சிறிது ஆடினாலும் வின்ச் கம்பி தேய்ந்து அறுந்துவிடக்கூடும் என்பதால், இன்னும் இறுக்க வேண்டும்.