ஷரத்தும் நிபந்தனையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மனை வாங்க முன்பணம் கொடுத்து கிரய ஒப்பந்தம் போடப் போகிறோம். பத்திர எழுத்தர் தந்த வரைவில் "கீழ்க்கண்ட ஷரத்துகளுக்கும் நிபந்தனைகளுக்கும் உட்பட்டு" என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே? ஷரத்து வடசொல்லா? அதை எடுத்துவிட்டால் ஏதும் கெட்டுப்போகுமா?

ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

வடசொல் நிபந்தனைதான். கட்டுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. ஷரத்து, அரபியின் ஷர்த். பாரசீகம் வழியாகக் கச்சேரித் தமிழுக்குள், அதாவது நீதிமன்ற, அரசு அலுவலகத் தமிழுக்குள் நுழைந்தது. ஜாமீன், ஜப்தி, வக்காலத்து எல்லாம் அதே கூட்டம். இரண்டு மெய் அடுத்தடுத்து வந்து சொல் முடிவது நம் நாக்குக்கு ஆகாது. அதனால் நடுவில் ஓர் அகரம், கடைசியில் ஓர் உகரம். நக்ல் நகலானதும், அஸ்ல் அசலானதும் இப்படித்தான். (பத்திரத்தில் வரும் 'ஷை சொத்து'க்கும் ஷரத்துக்கும் உறவில்லை. மேற்படி என்பதற்கான ௸ குறியை எழுத்தாக வாசித்ததன் விளைவு அது.)

அரபியில் ஷர்த் கறாரான சொல். எது இல்லாவிட்டால் காரியமே செல்லாதோ அதுதான் ஷர்த். தொழுகைக்கு ஒளு (தொழுமுன் கை, முகம், கால் கழுவுவது) ஒரு ஷர்த்து என்று தமிழ் முஸ்லிம்கள் சொல்வது இந்தப் பொருளில்தான். பத்திரத் தமிழில் அந்த இறுக்கம் தளர்ந்து, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பத்தியும் ஷரத்தாகிவிட்டது. இறுக்கமான பொருளை நிபந்தனை எடுத்துக்கொண்டது.

ஆகவே உங்கள் வரைவில் "விலை 20 லட்சம், முன்பணம் 2 லட்சம்" என்பது ஷரத்து. "வங்கிக் கடன் கிடைத்தால் கிரயம்" என்பது நிபந்தனை. சிக்கல் இரண்டாவதில்தான் வரும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 32-ஆம் பிரிவுப்படி, நிகழ்ந்தால்தான் என்று சொன்ன காரியம் நிகழும்வரை ஒப்பந்தத்தை அமல்படுத்தக் கேட்க முடியாது. தேதி போடாமல் விட்டால் விற்பவரும் தொங்குவார், நீங்களும் தொங்குவீர்கள். தேதி போட்டால் 35-ஆம் பிரிவு வந்துவிடும்: கெடு முடிந்தும் கடன் வரவில்லையென்றால் ஒப்பந்தம் செல்லாது. செல்லாமல் போன ஒப்பந்தத்தில் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது 65-ஆம் பிரிவு. ஆனாலும் அதை நம்பி விடாதீர்கள். எந்த வங்கி, எவ்வளவு கடன், எந்தத் தேதிக்குள், கிடைக்காவிட்டால் 2 லட்சம் எத்தனை நாளில் திரும்பும் என்று நான்கையும் எழுதச் சொல்லுங்கள்.

சொல்லைவிட அது உட்கார்ந்திருக்கும் தாளும் முக்கியம். விற்றவர் பணத்தைத் திருப்பினால் நிலத்தைத் திருப்பித் தருவேன் என்று வாங்குபவர் ஒப்புக்கொள்ளும் ஷரத்தைக் கிரயப் பத்திரத்துக்கு உள்ளேயே எழுதியிருந்தால்தான், சொத்து மாற்றுச் சட்டம் 58(சி) பிரிவுப்படி அதை அடமானம் என்று வாதிடவே முடியும். 1929-இல் வந்த திருத்தம் இது. உள்ளே இருந்தாலும் தானாக அடமானமாகிவிடாது, நோக்கத்தையும் நீதிமன்றம் பார்க்கும். தனித் தாளில் எழுதிவிட்டால் அது வெறும் மறுகிரய ஒப்பந்தம், அதாவது திரும்ப விற்பதாகச் சொல்லும் ஒப்பந்தம். அடமானத்தை மீட்க வழக்குப் போட 30 ஆண்டு அவகாசம் உண்டு. மறுகிரயத்துக்கு 3 ஆண்டுதான், அதிலும் கெடுத் தேதியை நீதிமன்றங்கள் கண்டிப்பாகவே பார்க்கும். முத்திரைத்தாளை மிச்சம் பிடிக்கிறேன் என்று தனிச் சீட்டில் எழுதிக்கொண்டவர்கள் நிலத்தை இழப்பது இந்த இடத்தில்தான்.

ஷரத்து என்ற சொல்லை எடுத்துவிடலாம், ஒன்றும் கெடாது. அந்த இரட்டைத் தொடரே 'டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்' என்பதன் நிழல். தலைப்பில் எந்தச் சொல் இருந்தாலும் நீதிமன்றம் பத்திக்குள் இருப்பதைத்தான் படிக்கும். எனக்கென்னவோ ஷரத்தை வைத்துக்கொள்ளவே பிடிக்கும். ஐந்தாவது ஷரத்து என்றால் எழுத்தருக்கும் வக்கீலுக்கும் உடனே விளங்கும்.