ஒரு இளவரசரைச் சுட்டதற்காகவா முதல் உலகப் போரே நடந்தது?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் குரூப் 4-க்கோ குரூப் 2-க்கோ படிக்கிறவர் என்று தோன்றுகிறது. இல்லையென்றால் மன்னிக்கவும். இதே கேள்வியைக் கேட்டு வகுப்பு முழுக்கச் சிரிப்பு வாங்கியவன் நான், அதனால் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை.

பயிற்சி மையத்தில் நடந்தது. தகரக் கொட்டகை, சட்டைக் காலரில் மைக் மாட்டிய சார், பத்தாம் வகுப்பு சமூக அறிவியலின் முதல் பாடம். போர்டில் ‘28.6.1914, சரயேவோ, பிரின்சிப், பிரான்ஸ் பெர்டினாண்ட்’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தார். ஆஸ்திரியாவின் பட்டத்து இளவரசர் பெர்டினாண்டை, பிரின்சிப் என்ற போஸ்னிய செர்பிய இளைஞன் சரயேவோ நகரில் சுட்டுக் கொன்ற நாள் அது. நான் எழுந்து, “சார், கொலை ஜூன் 28. ஆஸ்திரியா செர்பியா மேல் போர் அறிவித்தது ஜூலை 28. ஆத்திரம்தான் காரணம் என்றால் மறுநாளே அடித்திருக்கணுமே, நடுவில் ஒரு மாதம் என்ன செய்தார்கள்?” என்றேன். அவர் மைக்கிலேயே, “தம்பி, ஆஸ்திரியாவுக்கு ஒரு கடுதாசி போடு, பதில் வந்தா எங்களுக்கும் சொல்லு” என்றார்.

அந்த ஒரு மாதத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஜூலை முதல் வாரத்தில் ஜெர்மனி, நீ என்ன செய்தாலும் நான் உன் பக்கம் என்று ஆஸ்திரியாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டது. ரஷ்யாவுக்குப் போயிருந்த பிரெஞ்சு அதிபர் கப்பல் ஏறட்டும் என்று காத்திருந்து, 23-ம் தேதி மாலை செர்பியாவுக்குப் பத்து நிபந்தனைகள், 48 மணி நேரக் கெடு. செர்பியா பெரும்பாலானவற்றுக்குத் தலையாட்டியது. அந்தப் பதிலை 28-ம் தேதி காலையில் படித்த ஜெர்மன் கெய்சரே (பேரரசர்), இனிப் போருக்குக் காரணமில்லை என்று குறிப்பு எழுதினார். ஆஸ்திரியா போர் அறிவித்ததும் அதே நாளில்தான்!

அப்புறம் யார் பிடித்தும் நிற்கவில்லை. செர்பியாவுக்கு ஆதரவாக ரஷ்யா படை திரட்ட, ஆகஸ்ட் 1-ல் ஜெர்மனி அதன்மேல் போர் அறிவித்தது. ரஷ்யாவின் கூட்டாளியான பிரான்சை விட்டுவிட்டுக் கிழக்கே மட்டும் படையைத் திருப்ப முடியாதா என்று கெய்சர் கேட்டபோது, தளபதி மோல்ட்கே முடியாது என்றார். எந்த ரயிலில் எந்தப் பிரிவு, எந்தப் பாலத்தை எப்போது தாண்டும் என்பதெல்லாம் முன்னமே போட்டு வைத்த திட்டம், அது பெல்ஜியம் வழியாகப் பிரான்சுக்குள் போகிற திட்டம். 4-ம் தேதி ஜெர்மனி நடுநிலை நாடான பெல்ஜியத்துக்குள் கால் வைத்ததும் பிரிட்டனும் இறங்கியது. பிரிட்டன் இறங்கினால் இந்தியாவும் இறங்கியதாகக் கணக்கு, நம்மிடம் யாரும் கேட்கவில்லை. பத்து லட்சத்துக்கும் மேல் இந்தியர்கள் கடல் கடந்தார்கள், எழுபதாயிரத்துக்கும் மேல் திரும்பவில்லை. அதற்குக் கைம்மாறாக 1919-ல் வந்தது, விசாரணையே இல்லாமல் சிறையில் வைக்க வழி செய்த ரௌலட் சட்டம்.

ஜெர்மனி மேல்தான் முழுப் பழி என்பவர்கள் உண்டு, ரஷ்யாவையும் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. நான் பேராசிரியர் இல்லை, ஒரு அரசு அலுவலகத்தில் உதவியாளர், கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். என் எரிச்சல் ஒற்றை வரி விடைகள் மேல்தான்.

விளைவுக்கும் அதே கதை. ‘வெர்சாய் உடன்படிக்கை, அதனால் ஹிட்லர்’ என்று குறிப்பில் அம்புக்குறி போட்டுத் தருகிறார்கள். தோற்ற ஜெர்மனியோடு 1919-ல் போட்ட சமாதான உடன்படிக்கை அது. 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடு அநியாயச் சுமையா இல்லையா என்று தனியாகச் சண்டை போடலாம். ஆனால் உடன்படிக்கை ஆகி ஒன்பது வருஷம் கழித்தும், 1928 தேர்தலில் ஹிட்லரின் நாஜி கட்சிக்கு விழுந்த ஓட்டு மூன்று சதவீதம்கூட இல்லை. 1929-ல் பொருளாதாரம் சரிந்து லட்சக்கணக்கில் வேலை போன பிறகுதான், 1932 ஜூலையில் 37 சதவீதம். நடுவில் நடந்ததை விட்டுவிட்டால் எல்லாம் தலையெழுத்து மாதிரித்தான் தெரியும்.

இவ்வளவும் சொன்னேன் என்று தேர்வில் போய்ப் புரட்சி செய்துவிடாதீர்கள். ‘உடனடிக் காரணம்’ என்று கேட்டால் சரயேவோ கொலைதான் விடை, அதையே குறியுங்கள். ஒரு மார்க்கில் ரேங்க் எங்கேயோ போய்விடும்.