முதலீட்டு நிறுவனத்தில் டிரேடர் ஆக என்ன பின்னணி வேண்டும்?

காரைக்குடியில் பி.காம். முடித்த தம்பிக்கு எம்பிஏ இல்லாமல் டிரேடர் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். பங்குத் தரகு நிறுவனத்தில் பங்கு டெரிவேட்டிவ்ஸ் (பங்கு விலையை ஒட்டி மதிப்பு மாறும் ஒப்பந்தங்கள்) ஆர்டர் போடும் டெர்மினலில் உட்கார, பங்குச் சந்தைப் பணிகளுக்குத் தேர்வு நடத்தும் என்ஐஎஸ்எம் நிறுவனத்தின் தொடர் 8 தேர்வுச் சான்று வேண்டும். 100க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். சான்று 3 ஆண்டுக்குச் செல்லும். அல்காரிதம் டிரேடிங் (கணினி நிரல் மூலம் வாங்கி விற்பது) செய்யும் நிறுவனங்கள் மட்டும் கணிதம், புள்ளியியல், கோடிங் தெரிந்தவர்களைத்தான் முதலில் பார்க்கும்.

ஆனால் எடுத்த எடுப்பில் யாரும் நிறுவனத்தின் பணத்தைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். பேக் ஆபீஸ் (கணக்கு வழக்கு வேலை), ரிஸ்க் (நஷ்ட அபாயத்தைக் கண்காணிப்பது), டீலர் (வாடிக்கையாளர் சொல்லும் ஆர்டரைப் போடுபவர்) என்று ஏதாவது ஒரு வழியில்தான் பலரும் உள்ளே வருகிறார்கள். நம் செட்டிநாட்டுக்கு இது புதிதா என்ன? பர்மா, மலாயா வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாக (கடைநிலை உதவியாளாக) சேர்ந்து, ஏஜெண்டுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாகி, அப்புறம்தானே கடையை நடத்தும் ஏஜெண்டு ஆனார்கள்! தம்பியை முதலில் அந்தத் தேர்வை எழுதச் சொல்லுங்கள்.