கிழித்த சிகரெட் அட்டை

அன்புள்ள ஐயா,

துகள்களின் எந்தெந்தப் பண்புகளில் குவாண்டம் பின்னல் நடக்கும்? தற்சுழற்சி மட்டும்தானா, நிறை, மின்னூட்டத்திலும் உண்டா? பெங்களூரில் மகனுக்குக் காய்ச்சல் என்றால் இங்கே அம்மாவுக்குத் தெரிந்துவிடுவது இதனால்தான் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். உண்மையா?

கல்லூரி மாணவர், பாலக்கோடு

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தக் காணொளியை மூடுங்கள். அம்மாவுக்குத் தெரிவதற்கு எலக்ட்ரான் எதற்கு?

பின்னல் என்றால், இரண்டு துகள்களை எவ்வளவு தூரம் பிரித்து வைத்தாலும் ஒன்றில் அளந்த விடையும் மற்றதில் அளந்த விடையும் பொருந்தி வருவது. ஃபோட்டான் என்ற ஒளித்துகளின் முனைவாக்கம் (ஒளி அதிரும் திசை), எலக்ட்ரான் தற்சுழற்சியின் திசை, இருப்பிடம், உந்தம், ஆற்றல் எல்லாமே பின்னும். 1935இல் ஐன்ஸ்டைனும் அவருடைய இரண்டு சகாக்களும் எடுத்துக்கொண்டதே இருப்பிடத்தையும் உந்தத்தையும்தான். அளந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட விடை வர வாய்ப்பிருக்க வேண்டும், அவ்வளவுதான். எலக்ட்ரானின் நிறையும் மின்னூட்டமும் எப்போது அளந்தாலும் ஒன்றே. அதில் பின்ன என்ன இருக்கிறது?

சரி, நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. கிருஷ்ணகிரியில் அப்பா புளி மண்டி வைத்திருந்தார். சிகரெட் அட்டையைக் கிழித்து ஒரு பாதியை வியாபாரிக்கு அனுப்புவார். லாரிக்காரர் கொண்டுவரும் பாதி விளிம்போடு விளிம்பு பொருந்தினால்தான் மூட்டை ஏறும். ஏழாவது படிக்கும்போது, பொருந்தாத துண்டோடு வந்த ஆளுக்கு நான் பதினைந்து மூட்டை ஏற்றி அனுப்பிவிட்டேன். அப்பா அடிக்கவில்லை. மண்டியில் இருந்த பாதியை என் சட்டைப்பையில் வைத்து, “கண்ணு எதுக்குடா இருக்குது?” என்றார். போன வாரம் டிரங்குப் பெட்டியில் அது கிடைத்தது.

பின்னலுக்கு உதாரணமாக எல்லோரும் இப்படி ஒன்றைத்தான் நீட்டுகிறார்கள். செருப்பு ஜோடி என்பார்கள், கையுறை என்பார்கள். தவறு தம்பி, தவறு! அட்டை மண்டியிலேயே கிழிந்துவிட்டது. லாரி சேலம் போனாலும் சென்னை போனாலும் விளிம்பு அதேதான். துகள்களும் அப்படி முன்பே கிழித்து அனுப்பியவையாக இருந்தால், வெவ்வேறு கோணங்களில் அளக்கும்போது பொருத்தம் ஒரு வரம்பைத் தாண்டாது என்று 1964இல் இயற்பியலாளர் ஜான் பெல் கணக்குப் போட்டுக் காட்டினார். சோதனைகளில் தாண்டியது. அந்தச் சோதனைகளுக்காகத்தான் கிளாசர், அஸ்பே, சைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல். விளிம்பு முன்பே இல்லை, ஆனாலும் பொருந்துகிறது. இதை விட்டுவிட்டு மீதி எதைச் சொன்னாலும் பின்னலைச் சொன்னதாகாது.

அப்புறம், காய்ச்சல் செய்தியும் அதில் போகாது. இந்தப் பக்கம் எந்த விடை வரும் என்பது நம் கையில் இல்லையே, எதை அனுப்புவது?

அட்டையின் விளிம்பு இப்போது மழுங்கிவிட்டது. அந்தப் பதினைந்து மூட்டையும் கடைசிவரை திரும்பவில்லை.