குடிநீரில் மாத்திரை – கடிதம்

ஐயா, வணக்கம்.

உலகத்து ஆறுகளில் எல்லாம் மருந்து கலந்திருக்கிறது என்று ஒரு காணொளியில் பார்த்ததிலிருந்து குழாய்த் தண்ணீரைக் குடிக்கவே பயமாக இருக்கிறது. காய்ச்சினால் போய்விடுமா? கேன் தண்ணீருக்கு மாறிவிடலாமா? அம்மா பல வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். எங்கள் தாத்தா மாத்திரையே தொடாமல் 90 வயது வரை இருந்தார். நாம்தான் இப்படி மருந்துக்கு அடிமையாகிவிட்டோம். அம்மாவின் மாத்திரையையும் மெல்ல நிறுத்திப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

கே., செல்லூர், மதுரை

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். நிறுத்தாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் அரை மாத்திரைகூடக் குறைக்க வேண்டாம். தாத்தா 90 வயது இருந்தார், சரி. அவர் காலத்தில் சர்க்கரை இருப்பதே தெரியாமல் 50 வயதில் போனவர்களைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை.

நீங்கள் பார்த்தது 2022இல் யார்க் பல்கலைக்கழகத்தார் முன்னின்று நடத்திய ஆய்வாக இருக்கும். 104 நாடுகளில் 258 ஆறுகள். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபைன், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், காபியில் இருக்கும் கஃபைன் மூன்றும் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் அகப்பட்டன. மெட்ஃபார்மின் உடம்பில் சிதைவதில்லை, பெரும்பாலும் அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடும். ஆற்றில் அகப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் அது ஆற்று நீர். சுத்திகரித்த குடிநீரில் இத்தகைய மருந்துகள் பொதுவாக லிட்டருக்கு 0.05 மைக்ரோகிராமுக்கும் கீழேதான் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2012 அறிக்கை. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அளவிலேயே தினமும் 2 லிட்டர் குடித்தாலும், 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று உங்கள் வயிற்றுக்குள் சேர 13,000 வருடத்துக்கு மேல் ஆகும். காய்ச்சினால் மருந்து போகாது. அதற்காகக் காய்ச்சுவதை விட்டுவிடாதீர்கள், அது கிருமிக்கு. இந்தப் பயத்துக்காக மட்டும் கேனுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

பயப்பட வேறு இடம் இருக்கிறது. ஹைதராபாத் பக்கம் பட்டன்சேருவில் மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விடும் நீரைச் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக், அதாவது கிருமிக்கொல்லி மருந்து. அந்த மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. அங்கே வளரும் கிருமிக்கு மருந்தைத் தாங்கப் பழகுவதைத் தவிர வேறு வேலை என்ன? அப்புறம் மீன்கள். கனடாவில் ஓர் ஏரியில் 2001 முதல் மூன்று கோடைகளில் கருத்தடை மாத்திரையின் ஹார்மோனை வேண்டுமென்றே கலந்து பார்த்தார்கள், லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான் (மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம்). ஆண் மீன்கள் பெண் தன்மை அடைந்தன. ஒரு சிறு மீனினம் ஏறக்குறைய அற்றே போனது.

அடிமை என்றீர்களே, அதை அம்மாவின் மாத்திரை டப்பாவில் தேடாதீர்கள். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் சாயங்காலம் பத்து நிமிடம் நின்றால் போதும். "காய்ச்சல், உடம்பு வலி, ரெண்டு வேளைக்கு ஒரு செட் குடுங்கண்ணே." சீட்டு கிடையாது. அண்ணன் நாலைந்து அட்டைகளை எடுத்து, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டாக வெட்டிச் சின்னக் கவரில் போடுகிறார். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதி, காலாவதித் தேதி இல்லவே இல்லை. அதில் ஒன்று ஆன்டிபயாடிக்காக இருக்கும். வீரியமான பல ஆன்டிபயாடிக்குகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2014 முதல் விதி இருக்கிறது. கவர் கைமாறும் வேகத்தில் யார் எழுதுவது? கடைக்காரரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது என்பவர் மூன்று நாள் படுக்க முடியுமா? ஊசி போடாத டாக்டரை நாம்தான் மதிப்பதில்லையே.

வைகை அணைக்கு மேலே கம்பம், சின்னமனூர், தேனி என்று ஊர்கள் இருப்பதால் நமக்கு என்ன வருகிறதோ என்று கவலைப்படுகிறோம், நியாயம்தான். உங்கள் செல்லூர் வழியாகப் போகும் பந்தல்குடி வாய்க்காலும் கழிவைச் சுமந்துகொண்டு வைகையில்தான் விழுகிறது. கீழே திருப்புவனமும் மானாமதுரையும் இருக்கின்றன. மிச்சமான மாத்திரைகளைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அதை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள். அட்டையிலிருந்து பிரித்து, காபித்தூள் சக்கையோடு பிசைந்து, கவரில் கட்டிக் குப்பை வண்டியில் கொடுங்கள். அம்மாவுக்கு என் வணக்கம்.